தாத்தாவின் பட்டாளப் பெட்டி: 63 படங்களை ஸ்கேன் செய்த கதை

அத்தை வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டி என்னிடம் வந்து சேர்ந்தது. "நீதான் கம்ப்யூட்டர்ல ஏதேதோ பண்றியே, இதையும் பாருடா" என்று ஒரே வரியில் ஒப்படைத்துவிட்டார். திறந்தால் கறுப்புத் தாள் ஆல்பம் ஒன்று, பிற்காலத்தில் வாங்கிய பிளாஸ்டிக் ஒட்டு ஆல்பம் ஒன்று, கண்ணாடிச் சட்டத்தில் சீருடையோடு தாத்தா, பழுப்புக் கவரில் உதிரிப் படங்கள், ஒரு தகர டப்பாவில் மூன்று நட்சத்திரப் பதக்கங்களும் ஒரு வட்டப் பதக்கமும். எண்ணிப் பார்த்ததில் மொத்தம் 63 படங்கள்.

தாத்தா இரண்டாம் உலகப் போரில் லாரி ஓட்டியவர். படைக்கு உணவும் எரிபொருளும் குண்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், சுருக்கமாக ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. அந்தப் போரில் பட்டாளத்தில் சேர்ந்த 25 லட்சம் இந்தியர்களில் ஒருவர். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் மூன்று கதைகள் உண்டு. ஒன்று, அவர் சுபேதார். இரண்டு, பர்மாவில் இருந்தார். மூன்றாவது கதையை யாரும் நம்பியதில்லை: கோவேறு கழுதைகள் ஆகாயத்தில் பறந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகத் தாத்தா சொல்வாராம். அத்தை இதைச் சொல்லும்போதெல்லாம் பெரியப்பா எழுந்து உள்ளே போய்விடுவார்.

பெட்டி வந்த அன்றே ஸ்கேனரைப் போட்டு உட்கார்ந்ததுதான் முதல் தவறு. கறுப்புத் தாளில் மைதாப் பசையால் ஒட்டிய படம் ஒன்றின் அடியில் இரும்பு ஸ்கேலைச் செருகி நெம்பினேன். ஓரம் ‘சரக்’கென்று பிரிந்தது. தாத்தாவின் நண்பர் ஒருவருடைய இடது பூட்ஸ் இன்றும் அந்தக் கறுப்புத் தாளில்தான் இருக்கிறது. அதோடு நிறுத்திவிட்டு, ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் வரிசையாகப் படம் பிடித்தேன். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதே ஒரு தகவல். படங்களைப் பிரித்துவிட்டால் அது போய்விடும். இதை முதலிலேயே செய்திருந்தால் பூட்ஸ் பிழைத்திருக்கும்.

அதற்குப் பிறகு நெம்பவில்லை. மூலையில் மட்டும் பசை இருந்தால், பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை (மெழுகு பூசாதது) படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு, ரம்பம் இழுப்பதுபோல மெதுவாக இழுத்தால் படம் விடுபடும். ஒட்டு ஆல்பத்தில் இது பாதிதான் பலித்தது. அந்த ஆல்பங்களின் கோடுகோடான பசை வருஷம் போகப் போக இறுகிவிடும், மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக்கும் படத்துக்கு நல்லதல்ல. 11 படங்கள் வர மறுத்தன. மேல் தாளை மட்டும் விலக்கி, பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்தேன். ஹேர் டிரையர் வைத்தால் வரும் என்று பலரும் சொன்னார்கள். சூட்டில் படம் சுருண்டு, மேற்பரப்பு விரிசல் விட்டால் திரும்பி வராது என்பதால் முயலவில்லை. ஈரப் பஞ்சும் வேண்டாம். படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின், தண்ணீர் பட்டால் உப்பிக் கையோடு வந்துவிடும். தூசிக்குக் கேமரா லென்ஸுக்கு வாங்கும் ரப்பர் காற்றூதியும் மென்மையான தூரிகையும் போதும்.

ஸ்கேன் அளவு பற்றி ஒரு கணக்கு. ஆல்பத்தில் பெரும்பாலானவை 6 x 9 சென்டிமீட்டர் படங்கள். பெட்டிக் கேமரா நெகடிவ்வைப் பெரிதாக்காமல் தாளில் நேரடியாக வைத்து அச்சிட்டவை. பெரிதாக்காததால் நுணுக்கம் அத்தனையும் அந்தச் சின்னப் பரப்பிலேயே அடைந்து கிடக்கும். 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்தால் சுமார் 3 மெகாபிக்சல், 1200இல் எடுத்தால் 12. சின்னப் படங்களுக்கு 1200, அஞ்சலட்டை அளவுப் படங்களுக்கு 600 என்று வைத்துக்கொண்டேன். சேமித்தது படத்தின் தரம் குறையாத டிஃப் கோப்பாக. கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேஸ்கேலில் எடுக்கக் கூடாது, வண்ணத்திலேயே எடுக்க வேண்டும். ஏன் என்பது படங்களைத் திருப்பிப் போட்டபோது புரிந்தது.

ஆமாம், பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்தேன். 63இல் 22க்குப் பின்னால் ஏதோ ஒன்று இருந்தது: எழுத்து, ரப்பர் முத்திரை, பென்சில் எண். ஒரு படத்தின் பின்னால் ஊதா முத்திரை ஒன்று, வெறும் கண்ணுக்குக் கறையாகத்தான் தெரிந்தது. வண்ண ஸ்கேனைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு தனி கறுப்பு வெள்ளைப் படம். ஊதா மை பச்சை ஒளியை விழுங்கும். அதனால் பச்சை சேனலில் அந்தக் கறை திடீரென்று எழுத்தாகிவிட்டது. முதல் வரி உடைந்திருந்தது, இரண்டாம் வரியில் ‘கெய்ரோ’ என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. நீல மைக்குச் சிவப்பு சேனல், பழுப்பாக வெளிறிய பேனா மைக்கு நீல சேனல். முன்பக்கத்தில் மஞ்சள் கறை இருந்தால் சிவப்பு சேனலை எடுத்தால் கறை முக்கால்வாசி மறைந்துவிடும். எந்த ஃபில்டரும் தேவையில்லை.

அதே படத்தின் பின்னால் தாத்தாவின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படிக்க அரைமணி நேரம் ஆனது. அவர் தலைமுறையில் பலரையும் போல எங்கும் புள்ளி வைக்கவில்லை. அதோடு பழைய எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, யானைத் துதிக்கை போட்டது. சித்தப்பா மகன் அதை ஏதோ சமஸ்கிருத எழுத்து என்றே முடிவு கட்டிவிட்டான். ‘சிலை’ என்று பிடிபட்டதும் மீதி தானாக வந்தது: "சிங்கச் சிலை முன். 2 நாள் லீவு. 22-8-42." கீழே இன்னொருவர் பெயர்.

படத்தைத் திருப்பினால் இரண்டு பேர் நிற்கிறார்கள், அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக. பின்னால் எகிப்தின் ஸ்ஃபிங்ஸ். தாத்தா அதைச் சிங்கச் சிலை என்று எழுதியதில் தப்பில்லை, உடல் சிங்கம்தானே. 1200 டிபிஐயில் பெரிதாக்கிப் பார்த்தபோது சிலையின் தாடைக்குக் கீழே சுவர்போல ஏதோ அடுக்கியிருந்தது தெரிந்தது. படம் கெட்டுப்போன இடம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவை மணல் மூட்டைகள். போர்க் காலத்தில் குண்டு விழுந்தால் தலை உடைந்துவிடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். பின்னால் தேதி இல்லாமல் போயிருந்தாலும் இந்த மூட்டைகளே போர்க் காலப் படம் என்று சொல்லியிருக்கும்.

ஆக, பர்மா என்று சொன்ன வீட்டில் எகிப்து வந்து நின்றது. பெரியப்பாவிடம் காட்டினேன். "அது டூர் போயிருப்பாரு" என்றார்.

சரி, பதக்கங்கள். மூன்றும் ஆறு முனை நட்சத்திரங்கள். 1939-45 ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், பர்மா ஸ்டார். ஆப்பிரிக்கா ஸ்டார் டூர் போனவருக்குத் தருவதில்லை. 1940 ஜூன் 10க்கும் 1943 மே 12க்கும் இடையே வட ஆப்பிரிக்கா போன்ற போர்முனைகளில் பணியாற்றியவர்களுக்குத் தந்தது. இந்தப் பதக்கங்களில் நமக்கு ஒரு வசதி உண்டு. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்துவிட்டார்கள். இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறித்தார்கள். நட்சத்திரத்தின் பின்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பார்த்தால், எண், ‘ஹவ்.’ என்ற சுருக்கம், பெயர், படைப்பிரிவு எல்லாம் நிழலோடு எழுந்து வரும். யாரோ ஒரு காலத்தில் புளி போட்டு நன்றாகத் தேய்த்து விளக்கியிருக்கிறார்கள், எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் மழுங்கியிருந்தன. தயவுசெய்து பதக்கத்தை விளக்காதீர்கள். பளபளப்பு நாலு நாள், எழுத்து போனால் போனதுதான்.

‘ஹவ்.’ என்றால் ஹவில்தார். கையில் மூன்று பட்டை. சுபேதாருக்குக் கையில் பட்டை கிடையாது, தோளில் இரண்டு நட்சத்திரம். சட்டத்திலிருந்த படத்திலும் கையில் மூன்று பட்டைதான். இதைப் பெரியப்பாவிடம் இன்னும் முறையாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

இப்போது அந்தச் சட்டப் படம். அதிக நேரம் தின்றது அதுதான். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை ஓரம் எதுவும் வைக்காததால், எத்தனையோ மழைக்காலத்து ஈரத்தில் ஜெலட்டின் உப்பிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஒட்டியதை இழுக்கவே கூடாது. முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு ஸ்கேனரில் வைத்தேன். மங்கலாக வந்தது. மூன்று தடவை துடைத்து மூன்று தடவை எடுத்தும் அதே மங்கல். கோளாறு என் ஸ்கேனரின் வகையில் இருந்தது. பிரிண்டரோடு சேர்ந்து வரும் மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் சென்சார்தான். அதன் கண்ணாடிமேல் ஒட்டிக் கிடப்பது மட்டுமே கூர்மையாக விழும், இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே கலங்கிவிடும். கனமான பழைய சிசிடி ஸ்கேனர் என்றால் சமாளித்திருக்கும்.

எனவே கேமரா. சட்டத்தைத் தரையில் படுக்கவைத்து, மேலே முக்காலியில் கேமராவைக் கவிழ்த்து, இரண்டு மேஜை விளக்குகளை இருபுறமும் 45 டிகிரியில் வைத்தேன். கண்ணாடியில் என் முகமும் கேமராவும் தெரிந்தன. ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, கேமராவுக்கு முன்னால் திரைபோலக் கட்டியதும் அந்தப் பிரதிபலிப்பு போனது. ஜேபெக் வேண்டாம், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு வேண்டும். ஜேபெக்கில் வெளிச்சத்துக்கு 256 படிகள்தான், என் கேமராவின் 14 பிட் ராவில் 16,384. இருட்டான சீருடை மடிப்புகளில் அந்த வித்தியாசம் தெரியும்.

இதற்குள் சித்தப்பா மகன் பொறுமையிழந்து, நான் போனில் எடுத்த நகலைப் படம் புதுப்பிக்கும் செயலி ஒன்றில் போட்டுக் குடும்ப வாட்ஸாப் குழுவில் அனுப்பிவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். தாத்தாவுக்குப் புருவம் தீட்டியிருந்தது. தோல் மொழுமொழு. சீருடை லேசான நீலம். மார்பில் ரிப்பன்கள் இருந்த இடத்தில் ஏதோ பூப்போட்ட துணி. அத்தை மட்டும் எனக்குத் தனியாகப் போன் செய்தார். "நல்லாத்தான் இருக்கு. யாருடா அது?"

செயலி இன்னொன்றும் செய்திருந்தது. அசல் படத்தில் தாத்தாவின் தோளுக்குச் சற்றுக் கீழே, படத்தின் ஓரமாக, ஒரு கறுப்புச் சதுரம். அதன்மேல் நீலமும் வெள்ளியுமாக ஒரு மினுமினுப்பு. பழைய படங்களில் இருண்ட இடங்களிலும் ஓரங்களிலும் படத்திலுள்ள வெள்ளியே மேலே வந்து படிவதால் உண்டாவது. செயலி அதைக் கறை என்று எடுத்துக்கொண்டு சதுரத்தையே துடைத்து, சட்டைத் துணியால் நிரப்பிவிட்டது. நானும் அதுவரை கறை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கறைக்கு நேர்கோட்டு ஓரங்கள் எதற்கு?

அந்தப் பக்க விளக்கை இன்னும் தாழ்த்தினேன். மினுமினுப்பு அடங்கியது. அந்த ரா கோப்பில் சதுரத்தை மட்டும் தேர்ந்து, இருண்ட பகுதியை இழுத்து வெளுக்க வைத்தேன். கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு. சதுரத்துக்கு நடுவே, மிக மிக லேசாக, ஒரு முழு வட்டம்.

அந்தக் காலத்துப் பிலிம் பலவும் சிவப்பை உணராதவை. பெட்டிக் கேமராக்காரர்கள் அதிகம் வாங்கிய கோடாக் வெரிக்ரோம் 1956 வரை அப்படித்தான் இருந்தது. அப்படிப்பட்ட பிலிமில் சிவப்பு கறுப்பாகவே விழும், நீலம் வெளிறிப்போகும். பழைய படங்களில் நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாகத் தெரிவது இதனால்தான். எனவே கறுப்புத் துணியில் சிவப்பு வட்டம் தைத்திருந்தால் படத்தில் இரண்டும் கறுப்பு. அது 5வது இந்திய டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவின் சின்னம், ‘பால் ஆஃப் ஃபயர்’, அதாவது நெருப்புப் பந்து.

வெறும் வட்டத்தை வைத்து நான் அடித்துச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் பதக்கங்களும் அதையே சொல்கின்றன. 5வது டிவிஷன் எரித்ரியாவில் கேரென் மலையில் 1941இல் போரிட்டது, 1942 ஆகஸ்டில் எகிப்தில் இருந்தது, பிறகு இராக், 1943 கடைசியில் பர்மாவின் அரக்கான். ஆப்பிரிக்கா ஸ்டார், பர்மா ஸ்டார் இரண்டும் ஒரே டப்பாவில் கிடப்பது இதோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. கேரெனில் கூடவே போரிட்ட 4வது டிவிஷன் இத்தாலிக்குப் போய்விட்டது. அதில் இருந்திருந்தால் டப்பாவில் இத்தாலி ஸ்டார் இருந்திருக்கும்.

அடுத்து 1944 மார்ச். ஜப்பானியப் படை இம்பாலை நெருங்கியபோது, அரக்கானில் சண்டையில் இருந்த 5வது டிவிஷனை விமானத்தில் ஏற்றி இம்பாலுக்கும் திமாப்பூருக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆட்களை மட்டுமல்ல. பீரங்கிகள், ஜீப்புகள், கோவேறு கழுதைகள்.

கழுதைகள் பறந்திருக்கின்றன. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அத்தையிடம் நேரில் போய்ச் சொல்வதென்று முடிவு செய்தேன், பதிவு செய்ய வசதியாகவும் இருக்கும். "தாத்தாவைப் பத்திச் சொல்லுங்க அத்தை" என்று பொதுவாகக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும் என்பது முந்தைய அனுபவம். இந்த முறை படங்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்து ஒலிப்பதிவு மட்டும். கேமராவை நீட்டினால் அவர் தலைமுடியைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார். "இந்தச் செருப்பு யாரோடது", "இந்தப் பக்கம் நிக்கிறவர் ஏன் சிரிக்கலை" என்று சின்னச் சின்னதாகக் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். லாரி எஞ்சின் தண்ணீரில் முகம் கழுவியது, வீட்டுக்கு வந்த கடிதங்களில் ஊர்ப் பெயருக்குப் பதில் தபால் நிலைய எண் மட்டும் இருந்தது, பாட்டி அந்த எண்ணையே ஊர்ப் பெயர் என்று நெடுநாள் நினைத்திருந்தது எல்லாம் இந்தப் பதிவில்தான் கிடைத்தன.

கழுதை விஷயத்தைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவேயில்லை. "அதான் அப்பாவே சொன்னாரே. கண்ணைக் கட்டி ஏத்துவாங்களாம், அப்பவும் உதைக்குமாம்" என்றார். கண்ணைக் கட்டியது வேறெங்கும் நான் படித்ததல்ல. அத்தை சொன்னது என்றே குறித்து வைத்திருக்கிறேன்.

சட்டப் படத்தின் காலத்தையும் ஓரளவு பிடித்தோம். மார்பில் இரண்டே ரிப்பன்கள். நடுவில் கரிய பட்டையோடு ஒன்று ஆப்பிரிக்கா ஸ்டாருடையது, அது 1943 ஜூலையில் அறிவித்தது. பர்மா ஸ்டார் 1945 மே மாதம். அது மார்பில் இல்லை. ஆகவே இடைப்பட்ட காலத்தில், ஊருக்கு லீவில் வந்தபோது எடுத்தது. பெரியப்பா பிறந்தது 1945 கடைசியில். அத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இதையும் பெரியப்பாவிடம் சொல்லவில்லை.

சிங்கச் சிலைப் படத்தில் பக்கத்தில் நிற்பவர் பெயரைப் படித்துக் காட்டியதும் அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவரு திரும்பி வரலைன்னு அப்பா சொல்லுவாரு" என்றார். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடுபக்கத்தில் இரு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேர் இருக்கிறார்கள். கல்லறை இல்லாதவர்களும் உண்டு. பர்மாவில் அப்படிப் போனவர்களில் ஏறத்தாழ 27,000 பேருடைய பெயர்கள் ரங்கூனுக்கு வெளியே தௌக்கியான் நினைவுத் தூண்களில் இருக்கின்றன. தேடினேன். அதே பெயரில் நிறையப் பேர் வந்தார்கள். படை எண் தெரியாமல் இவர்தான் என்று ஒருவரைக் கை காட்ட எனக்கு மனம் வரவில்லை. குறிப்பில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அவர் வீட்டார் எங்காவது இருப்பார்கள் என்பதால் பெயரை இங்கேயும் எழுதவில்லை.

பகிர்வது தனி வேலை. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், படத்தோடு நாம் எழுதி வைத்த குறிப்பும் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். கோப்புக்குள் இருக்கும் ஐபிடிசி விவரப் பகுதியில் தமிழிலேயே எழுதலாம். யார், எங்கே, எப்போது, இது யார் சொன்னது. கடைசி விவரத்தை மட்டும் விடாதீர்கள். ‘அத்தை சொன்னது’, ‘படத்தின் பின்னால் உள்ளது’, ‘நான் ஊகித்தது’ என்று மூன்று வகையாகவே பிரித்தேன். கோப்புப் பெயருக்கு 1942-08-22 என்று ஆண்டு முதலில் வரும்படி தேதி, அப்புறம் எண், பின்பக்கத்துக்கு அதே எண்ணோடு ‘பின்’. தேதி தெரியாதவற்றுக்கு ‘1944-வாக்கில்’. கைரேகையும் எண்களும் உள்ள பென்ஷன் தாள்களை ஸ்கேன் செய்தேன், குழுவில் போடவில்லை. இப்போது பட்டாளத்தில் இருக்கும் மாமா மகனின் படத்தையும் இதோடு சேர்க்கச் சொன்னார்கள், அதை அவனே வேண்டாம் என்றுவிட்டான். அசல் படங்கள் அமிலமில்லாத தாள் உறைகளில், ஈரமும் சூடும் இல்லாத அலமாரியில் இருக்கின்றன. உறையின்மேல் பென்சிலால் மட்டும் எழுதினேன், அதுவும் படத்தை உள்ளே வைப்பதற்கு முன்னால்.

செயலிக்காரத் தம்பிக்கும் ஒரு வேலை கொடுத்தேன். அவன் அனுப்பிய வண்ணப் படத்தின் கீழே ‘கணினி ஊகம்’ என்று எழுதி மறுபடி அனுப்பச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தான்.

கடைசியாக, அத்தைக்குச் சிங்கச் சிலைப் படத்தை மேட் தாளில், அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுக் கொண்டுபோனேன். கறை எடுத்து, கீறல்கள் இரண்டை மட்டும் நிரப்பி, மற்றதைத் தொடாமல் விட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தைத் திருப்பினார். வெள்ளையாக இருந்தது.

"பின்னாடி அப்பா எழுதினது எங்கடா?"

அடுத்த வாரம் பின்பக்கத்தையும் அச்சிட்டு, இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.